சத்தம் தாங்காதவங்களுக்கு மாற்றுத்திறனாளி அங்கீகாரம்: காது வழியா, மனநல வழியா, இல்ல ஆபீஸ்லயே பேசிக்கிறதா?

சாதாரண சத்தமே காதுல வலிக்குது, வேலைக்குப் போக முடியல, இல்லன்னா பிள்ளையால க்ளாஸ்ல உக்கார முடியல, இதுக்கு மாற்றுத்திறனாளின்னு சர்டிபிகேட் வாங்க முடியுமா, வாங்கணும்னா இஎன்டி டாக்டர் கிட்டயா மனநல டாக்டர் கிட்டயா, இல்ல சர்டிபிகேட்டே வேணாம்னு ஆபீஸ்லயும் ஸ்கூல்லயும் பேசி ஏற்பாடு பண்ணிக்கிறதா. இந்த இடத்துல வந்து அப்படியே நின்னுட்டு இருக்கறவங்க நிறைய பேர். எனக்கு ஆறு வருஷமா ஹைப்பர்அக்யூசிஸ், அதாவது சாதாரண சத்தமே தாங்காத பிரச்சனை, இருக்கு. இந்த வழிகள்ல பெரும்பாலானதுல நானே போய்ப் பாத்துட்டேன், ஒண்ணுல வெறுங்கையோட திரும்பினேன், ஒண்ணுல பாதி கிடைச்சுது, அந்தப் பாதிதான் இன்னிக்கு வரைக்கும் என்னை வேலையில வெச்சிருக்கு. அதனால தெரிஞ்சத எழுதறேன்.

ஆரம்பத்துலயே ஒண்ணு சொல்லிடறேன். அங்கீகாரம்னு நாம சொல்ற ஒரே வார்த்தைக்குள்ள ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு அரசாங்கம் தர்ற சர்டிபிகேட். இன்னொண்ணு வேலை பாக்குற இடத்துலயும் படிக்கிற இடத்துலயும் கிடைக்க வேண்டிய வசதி. நிறைய இடத்துல முதலாவது இல்லாமலே ரெண்டாவது கிடைக்கும். இது தெரியாம சர்டிபிகேட் வந்தாத்தான் வாயைத் திறக்க முடியும்னு நெனச்சு ஒன்றரை வருஷம் சும்மா கஷ்டப்பட்டேன்.

## முதல்ல, உங்களுக்கு இருக்கறது எது?

எல்லாத்தையும் "சவுண்ட் அலர்ஜி"ன்னு பொதுவா சொல்லிடறாங்க, ஆனா ஒவ்வொண்ணுக்கும் போக வேண்டிய கதவு வேற. ஹைப்பர்அக்யூசிஸ்னா மத்தவங்களுக்கு சாதாரணமா இருக்கற சத்தம் நமக்கு பயங்கர சத்தமாவோ நிஜ வலியாவோ வர்றது, அதுலயே சத்தம் பெருசா கேக்கறது, எரிச்சல், பயம், வலின்னு நாலு விதமா ஆராய்ச்சியாளர்கள் பிரிச்சிருக்காங்க. மிஸோபோனியா வேற, அதுல சத்தத்தோட அளவு முக்கியம் இல்ல, மெல்ற சத்தம், மூக்க உறிஞ்சற சத்தம், பேனாவ கிளிக் பண்றது மாதிரி குறிப்பிட்ட சத்தம் கேட்டா தாங்க முடியாத கோபமும் அருவருப்பும் வரும், அவங்களால அத அடக்க முடியாது. ஆட்டிசத்தோட வர்ற புலன் கூர்மை ஒண்ணு இருக்கு, மைக்ரேனோட வர்றது ஒண்ணு இருக்கு. ஒரே ஆளுக்கு ரெண்டு மூணு சேந்தும் வரலாம்.

அங்கீகாரம் அது இதுன்னு போறதுக்கு முன்னாடி காரணம் என்னன்னு ஒரு தடவ சரியா பாத்துடுங்க. உள்காதுல மேல்பக்க அரைவட்டக் குழாய் மேல இருக்கற எலும்பு திறந்து போற பிரச்சனைல சொந்தக் கண் அசையற சத்தம்கூட சிலருக்கு கேக்கும், முகவாதத்துல காதுக்குள்ள இருக்கற சின்ன தசை வேலை செய்யாம சத்தம் அதிகமா கேக்கும். இதெல்லாம் வைத்தியம் இருக்கற விஷயங்கள்.

## எத வெச்சு முடிவு பண்றது

நான் அஞ்சு கேள்வி வெச்சிருக்கேன். உங்களுக்கு உண்மையா என்ன வேணும், பென்ஷனா, வேலையில பாதுகாப்பா, தேர்வுக்குத் தனி ரூமா? அந்த வழியோட அளவுகோல் உங்க கஷ்டத்த அளக்குதா, இல்ல வேற எதையோ அளக்குதா? அந்த வழியில போறதுக்கு உங்க உடம்பு என்ன விலை கொடுக்கணும்? ஃபைல்ல எந்தப் பேர் ஏறும், அத யாரெல்லாம் பாப்பாங்க? கிடைச்சது எவ்வளவு நாள் நிக்கும்? பணச்செலவ நான் தனியா சேக்கல, ஏன்னா இந்த விஷயத்துல பணத்த விட உடம்புதான் அதிகமா செலவாகுது.

## வழி 1: காது கேளாமை வகையில விண்ணப்பிக்கிறது

எல்லாருக்கும் முதல்ல தோணறது இதுதான். காதுல பிரச்சனை, அதனால காது டாக்டர், காது வகையில சர்டிபிகேட். ஆனா இந்த வழியோட அளவுகோல் நமக்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கு.

ஆடியோகிராம்ங்கற கேட்கும் திறன் டெஸ்ட் அளக்கறது உங்களுக்குக் கேக்கற மிக மெல்லிய சத்தம் எதுங்கறத மட்டும்தான். ஊன சதவீதம் போடற கணக்கும் அந்த நம்பர வெச்சுத்தான். உதாரணத்துக்கு இந்தியாவோட 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல ரெண்டு காதுலயும் 60 டெசிபல்ல இருந்து 70 டெசிபல் வரைக்கும் கேட்கும் திறன் குறைஞ்சிருந்தா ஒரு வகை, 70 டெசிபல் குறைஞ்சிருந்தா இன்னொரு வகை. நமக்கோ மெல்லிய சத்தம் அருமையா கேக்கும், பிரச்சனை மேல் எல்லையில. அத அளக்கறதுக்கு எல்டிஎல்னு ஒரு டெஸ்ட் இருக்கு, எந்த அளவுல சத்தம் தாங்க முடியாம போகுதுன்னு பாப்பாங்க. பெரும்பாலானவங்களுக்கு அது 100 டெசிபல் பக்கத்துல வரும். எனக்கு வலது காதுல 65, இடது காதுல 70. சாதாரணமா பேசற பேச்சே கிட்டத்தட்ட 60 டெசிபல் வரும், அப்போ மனுஷன் பேசறதுக்கும் எனக்கு வலி ஆரம்பிக்கறதுக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்குன்னு பாத்துக்கோங்க. ஆனா சதவீதக் கணக்குல இந்த 65க்கு இடமே இல்ல.

சர்டிபிகேட்டுக்காகப் பரிசோதிக்கற மெடிக்கல் போர்டுக்குப் போன அன்னிக்கு நடந்தத சொல்றேன். காத்திருக்கற ஹால்ல தலைக்கு மேல ஸ்பீக்கர், நிமிஷத்துக்கு ஒரு தடவ டோக்கன் நம்பர் சொல்லுது, சொல்றதுக்கு முன்னாடி ஒரு மணி வேற. தரை டைல்ஸ், சேர் இரும்பு, யார் எழுந்தாலும் கீச்னு ஒரு இழுப்பு. மூணு மணி நேரம் காதுல ப்ளக் வெச்சு அதுக்கு மேல இயர்மஃப் மாட்டிக்கிட்டு குனிஞ்சு உக்காந்திருந்தேன். உள்ள கூப்பிட்டதும் மரியாதைக்காக ரெண்டையும் கழட்டிட்டேன். பேரு கேட்டாங்க, சொன்னேன், ரிப்போர்ட்ட பாத்துட்டு "காது நல்லா கேக்குதேம்மா"ன்னாங்க. நாலு நிமிஷம். அந்த மூணு மணி நேரம் நான் எப்படி இருந்தேன்னு யாரும் பாக்கல, பாத்தது அந்த நாலு நிமிஷம் மட்டும். வீட்டுக்கு வந்து மூணு நாள் கதவ சாத்திக்கிட்டு படுத்திருந்தேன். கழட்டாம உள்ள போயிருக்கணும்னு இப்பவும் நெனச்சுப்பேன். நீங்க கழட்டாதீங்க.

இதுல மறைஞ்சிருக்கற செலவு டெஸ்ட்டுங்கதான். எல்டிஎல் டெஸ்ட்ட கீழ இருந்து மெதுவா ஏத்தணும், நீங்க கை தூக்கின உடனே நிறுத்தணும், இத உக்காரும்போதே பேசி வெச்சுக்கோங்க. காதுக்குள்ள தசை சுருங்கறத பாக்கற டெஸ்ட் 100 டெசிபலையும் தாண்டிப் போகலாம், அது கட்டாயம் தேவையான்னு கேளுங்க, வேணாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எம்ஆர்ஐ ஸ்கேன்ல சத்தம் 100 டெசிபல தாண்டறது சாதாரணம்.

இன்னொரு செலவு பின்னாடி வரும். ரிப்போர்ட்ல "கேட்கும் திறன் நார்மல்"னு ஒரே வரியோட முடிச்சிடுவாங்க, அப்புறம் நீங்க எந்த வழியில போனாலும் அந்த வரிய எடுத்துக் காட்டுவாங்க. அதனால இந்த டெஸ்ட்டெல்லாம் எடுக்கற ஆடியாலஜிஸ்ட் கிட்ட அங்கேயே உக்காந்து ரெண்டாவது வரி கேட்டு வாங்குங்க: "கேட்கும் திறன் நார்மல், ஆனா சத்தம் தாங்கும் அளவு ரொம்ப குறைவு", கூடவே எல்டிஎல் நம்பர். உலக சுகாதார அமைப்போட ஐசிடி-10 நோய்ப் பட்டியல்ல எச்93.2 ங்கற எண்ணுக்குக் கீழ ஹைப்பர்அக்யூசிஸ் இருக்கு, அந்த எண்ணையும் போடச் சொல்லுங்க. நோயா ஏத்துக்கிட்டிருக்காங்க, ஊனமா கணக்கு போட வழிதான் வைக்கல.

யாருக்கு இந்த வழி சரி: உங்களுக்குக் கேட்கும் திறனும் சேந்து குறைஞ்சிருந்தா. அப்படி நிறைய பேருக்கு இருக்கும், மெல்லிய சத்தம் கேக்காது, கொஞ்சம் கூடினா தாங்காது. அவங்க அந்தக் குறைவ வெச்சே தாராளமா விண்ணப்பிக்கலாம், சத்தம் தாங்காததையும் அதே ஃபைல்ல சேத்து எழுத வைங்க.

## வழி 2: மனநலம், ஆட்டிசம் வகையில போறது

"அங்க போனா சீக்கிரம் முடிஞ்சிடும்"னு ஒருத்தராவது உங்க கிட்ட சொல்லியிருப்பாங்க. சிலருக்கு அது உண்மை. ஆட்டிசம் இருக்கறவங்களுக்கு இது நேர் வழி, 2013ல வந்த டிஎஸ்எம்-5ங்கற அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கக் கையேட்டுல புலன் சார்ந்த அதிகக் கூர்மை ஆட்டிசத்தோட அடையாளங்கள்ல ஒண்ணா சேந்தாச்சு, அதனால பிள்ளைக்கு ஆட்டிசம் உறுதியாயிருந்தா சத்தத்துக்குன்னு தனியா போராட வேண்டியதில்ல, அதுக்குள்ளயே எழுத வைக்கலாம்.

மிஸோபோனியாவுக்கு அவ்வளவு லேசு இல்ல. அந்தப் பேரே 2001லதான் வந்துச்சு, நிபுணர்கள் ஒண்ணா உக்காந்து இதுக்கு ஒரு பொது வரையறை போட்டது 2022ல. டிஎஸ்எம்-5லயும் ஐசிடி பட்டியலோட அடுத்த பதிப்பான ஐசிடி-11லயும் அது தனி நோயா இல்ல. அதனால டாக்டருங்க பக்கத்துல இருக்கற ஏதாவது பேர, பதட்ட நோய் மாதிரி, எழுதித் தருவாங்க.

இங்கதான் நான் எல்லாரையும் நிறுத்தி யோசிக்கச் சொல்றேன். வலி வர்ற ஹைப்பர்அக்யூசிஸ் இருக்கற ஒருத்தர் சர்டிபிகேட்டுக்காக பதட்ட நோய்னு எழுத ஒத்துக்கிட்டா, அதுக்கப்புறம் வைத்தியமும் அந்தப் பேரு பின்னாடியே போகும், "பயம்தான், கூட்டத்துல போய் உக்காந்து பழகுங்க"ன்னு சொல்வாங்க, பழகப் போய் மாசக்கணக்குல பின்னாடி போனவங்கள எனக்குத் தெரியும். இன்சூரன்ஸ்லயும் அடுத்த வேலையிலயும் அந்தப் பேரு கூடவே வரும். இல்லாத நோயோட பேர சர்டிபிகேட்டுக்காக வாங்காதீங்க.

அதே நேரம் நிஜமாவே மனச்சோர்வு இருந்தா மறைக்கவும் வேணாம். வருஷக்கணக்கா வீட்டுக்குள்ளயே இருந்து, கல்யாணம் காரியம் எதுக்கும் போக முடியாம, பேசறதுக்கே பயந்து வாழ்ந்தா மனசு உடையத்தான் செய்யும். அது தனி நோய், அதுக்கும் வைத்தியம் வேணும், அதுக்கும் அங்கீகாரம் கேக்கலாம். டாக்டர் கிட்ட ரெண்டையும் தனித்தனியா எழுதச் சொல்லுங்க, முதல்ல சத்தம் தாங்காத பிரச்சனை, அதனால வந்த மனச்சோர்வுன்னு. இந்த வரிசை மாறினா அர்த்தமே மாறிடும்.

## வழி 3: சர்டிபிகேட் இல்லாம வசதி ஏற்பாடு கேக்கறது

என் கணக்குல பெரும்பாலானவங்க ஆரம்பிக்க வேண்டிய இடம் இதுதான்.

2006ல ஐநா சபை ஏத்துக்கிட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கைல நோய்ப் பட்டியல் எதுவும் கிடையாது. நீண்டகாலக் குறைபாடு, அதோட சுத்தி இருக்கற தடைகள், ரெண்டும் மோதி ஒருத்தர் மத்தவங்க மாதிரி பங்கெடுக்க முடியாம போனா அதுதான் கணக்கு. நியாயமான வசதி ஏற்பாட்ட மறுக்கறதே பாகுபாடுன்னும் அதுல இருக்கு. சத்தம்ங்கறது நமக்கு அப்படியே அந்தத் தடைதான், உலக சுகாதார அமைப்போட 2001 செயல்திறன் வகைப்பாட்டுல சுற்றுப்புறக் காரணிகள்ல சத்தத்துக்குன்னே இ250னு ஒரு எண் இருக்கு.

நாட்டுச் சட்டங்கள்லயும் இந்த மாதிரி இடம் இருக்கு. பிரிட்டனோட 2010 சமத்துவச் சட்டத்துல நோயோட பேர விட பாதிப்புதான் முக்கியம், அன்றாட வேலைய கணிசமா பாதிக்குதா, 12 மாசம் நீடிச்சிருக்கா இல்ல நீடிக்குமான்னு பாப்பாங்க. அமெரிக்காவோட 1990 மாற்றுத்திறனாளிகள் சட்டத்த 2008ல திருத்தினப்போ கவனம் செலுத்தறது, வேலை செய்யறது இதையெல்லாம் முக்கிய வாழ்க்கைச் செயல்களா சட்டத்துலயே எழுதிட்டாங்க. இந்தியச் சட்டத்துலயும் மாற்றுத்திறனாளி யாருன்னு சொல்ற பொது வரையறை தனி, இடஒதுக்கீடு மாதிரி விஷயங்களுக்குக் கேக்கற 40 சதவீத ஊனம் தனி. ரெண்டையும் ஒண்ணா குழப்பிக்கிட்டு "40 சதவீதம் இல்லன்னா நீ ஒண்ணுமே இல்ல"ன்னு சொல்றவங்க கிட்ட இத எடுத்துச் சொல்லுங்க.

எப்படி கேக்கறதுங்கறதுலதான் பாதி விஷயம் இருக்கு. நான் முதல்ல எழுதின லெட்டர்ல "சத்தம் இல்லாத இடம் வேண்டும்"னு எழுதினேன். "அப்படி ஒரு இடம் இந்த பில்டிங்லயே இல்ல"ன்னு பதில் வந்துச்சு, அதுவும் உண்மைதான். ரெண்டாவது லெட்டர்ல மூணே விஷயம் கேட்டேன்: என் சீட் ப்ரிண்டர் பக்கத்துல இருந்து கடைசி வரிசைக்கு மாறணும், ஃபயர் அலாரம் டெஸ்ட் பண்றதுக்கு முந்தின நாளே எனக்கு சொல்லணும், வாரத்துல மூணு நாள் வீட்ல இருந்து வேலை. முதல் ரெண்டும் ஒரே வாரத்துல கிடைச்சுது. மூணாவது இன்னும் கிடைக்கல. ஆனா அந்த அலாரம் விஷயம் ஒண்ணு போதும், முன்னாடியெல்லாம் அது எப்ப அடிக்கும்னு தெரியாம தினமும் தோள இறுக்கிக்கிட்டே உக்காந்திருப்பேன்.

ஸ்கூல்னா இதே மாதிரி குறிப்பா கேளுங்க. மணி ஸ்பீக்கர் இருக்கற சுவத்துல இருந்து தள்ளி சீட், இயர்மஃப் போட அனுமதி, அசெம்ப்ளிக்கு போகாம இருக்க அனுமதி, தேர்வுக்கு தனி ரூம், மணி அடிக்க ரெண்டு நிமிஷம் முன்னாடி வெளிய போக அனுமதி.

கூட வைக்க வேண்டிய ஆதாரம் நோயோட பேர் மட்டும் இல்ல, வாழ்க்கைல என்ன நின்னு போச்சுங்கறது. ரெண்டு வாரம் டைரி எழுதுங்க. என் டைரில இருந்து ஒரு வரி: "காலை 10:20. பக்கத்து சீட்டுக்காரர் இரும்பு சேர இழுத்தாரு, ரெண்டு மீட்டர் தூரம், ஒரே தடவ. வலது காதுல குத்தல். சாயங்காலம் வரைக்கும் எரிச்சல். 3 மணி மீட்டிங்ல உக்கார முடியல. மறுநாள் லீவு." இந்த மாதிரி இருபது வரி இருந்தா எந்த டாக்டராலயும் உருப்படியா லெட்டர் எழுத முடியும். ஃபோன்ல சத்தம் அளக்கற ஆப் இருந்தா நம்பரையும் குறிங்க, அது துல்லியம் இல்ல, ஆனா ஓரளவு ஐடியா தரும். ஹைப்பர்அக்யூசிஸுக்குன்னு 2002ல வந்த 14 கேள்வி உள்ள கேள்வித்தாள் ஒண்ணு இருக்கு, உலக சுகாதார அமைப்போட ஹூடாஸ் 2.0 இருக்கு, இது நடமாட்டம், பழகறது, அன்றாட வேலை மாதிரி ஆறு பகுதியா வாழ்க்கை எவ்வளவு பாதிச்சிருக்குன்னு பாக்கும். ரெண்டையும் டாக்டர் கிட்ட கேட்டு நிரப்பி வெச்சுக்கோங்க.

மறைஞ்சிருக்கற செலவு: இது ஆள பொறுத்து நிக்குது. மேனேஜர் மாறினா, டீச்சர் மாறினா, திரும்ப முதல்ல இருந்து. அதனால வாய்வார்த்தையா சரின்னு சொன்னா அன்னிக்கே "இன்னிக்கு பேசினபடி"ன்னு ஒரு மெயில் போட்டு வெச்சிடுங்க. கூட வேலை பாக்கறவங்க முணுமுணுப்பும் வரும், ஏன் இவருக்கு மட்டும்னு. நான் என் டீம்ல பத்து நிமிஷம் உக்காந்து எனக்கு என்ன ஆகுதுன்னு சொன்னேன். சொன்னதுக்கப்புறம் பாதி முணுமுணுப்பு நின்னுச்சு, ஒருத்தர் தன் சேர் காலுக்கு தானாவே ரப்பர் மாட்டினாரு.

பென்ஷன், வரிச்சலுகை, இடஒதுக்கீடுதான் வேணும்னா இந்த வழி போதாது. வேலையே பாக்க முடியாத நிலைமைல இருக்கறவங்க உதவித்தொகைக்கு தனியாத்தான் விண்ணப்பிக்கணும். அமெரிக்காவுல சோஷியல் செக்யூரிட்டி பட்டியல்ல ஹைப்பர்அக்யூசிஸுக்கு தனி இடம் இல்ல, ஆனா எவ்வளவு சத்தமுள்ள இடத்துல ஒருத்தரால வேலை பாக்க முடியும்ங்கறத கணக்குல எடுக்க வழி இருக்கு, அங்கயும் கடைசில பேசறது இந்த டைரியும் டாக்டர் லெட்டரும்தான்.

## வழி 4: இப்போதைக்கு எந்த பேப்பரும் வேணாம்

ஆரம்பிச்சு சில மாசம்தான் ஆச்சுன்னா இது தப்பான முடிவு இல்ல. மெல்லிய சத்தத்த கேக்க வெச்சு காத பழக்கற சவுண்ட் தெரபில, ஆலோசனைல, சிலருக்கு நாள் போகப் போகவே நல்லா குறையுது, சட்டங்களும் நீண்டகாலம்னுதான் கேக்குது. வெளிய போகும்போது சூரியகாந்தி போட்ட பச்சை கழுத்துப்பட்டை மாட்டிக்கலாம், வெளிய தெரியாத குறைபாடு இருக்கறவங்களுக்காக 2016ல லண்டன் கேட்விக் ஏர்போர்ட்ல ஆரம்பிச்சது, இப்ப பல நாட்டு ஏர்போர்ட்ல தெரியும், அதுக்கு டாக்டர் சர்டிபிகேட் கேக்கறதில்ல.

ஆனா நாள் முழுக்க காத அடைச்சு வெச்சு சமாளிக்கறதுதான் திட்டம்னா கொஞ்சம் பொறுங்க. 2003ல வந்த ஒரு ஆய்வுல நார்மலா கேக்கறவங்களுக்கு ரெண்டு வாரம் காத அடைச்சு வெச்சதுலயே சத்தம் முன்ன விட பெருசா கேக்க ஆரம்பிச்சுது, மெல்லிய சத்தம் தொடர்ந்து கொடுத்தப்போ அது குறைஞ்சுது. வலி வகைல இருக்கறவங்க திடீர் சத்தத்துல இருந்து பாதுகாத்துக்கத்தான் வேணும், அதுக்காக அமைதியான ரூம்லயும் ப்ளக் போட்டுட்டு உக்கார வேணாம், எங்க போடறது எங்க கழட்டறதுன்னு ஆடியாலஜிஸ்ட் கிட்ட பேசி முடிவு பண்ணுங்க.

இந்த வழியோட ஒரே பெரிய நஷ்டம் தேதி. ரெண்டு வருஷம் கழிச்சு விண்ணப்பிக்கும்போது "எப்பல இருந்து?"ன்னு கேப்பாங்க, உங்க கைல ஒரு சீட்டுகூட இருக்காது. அதனால எதுவுமே பண்ணலன்னாலும் ஒரு தடவ டாக்டர பாத்து தேதியோட ஒரு பதிவு வாங்கி வெச்சிடுங்க.

## புது வகை சேக்கச் சொல்லி போராடறது

இத ஒரு தனி வழியா சேக்கறதுக்கு யோசிச்சேன், ஏன்னா இன்னிக்கு கஷ்டப்படறவங்களுக்கு இது இன்னிக்கு உதவாது. ஆனா ஐநா உடன்படிக்கையோட முன்னுரையிலயே ஊனம்ங்கறது மாறிக்கிட்டே வர்ற கருத்துன்னு எழுதியிருக்கு, அப்போ பட்டியல் மாறணும்னு கேக்க நமக்கு இடம் இருக்கு. தெம்பு இருக்கறவங்க செய்யுங்க. உங்க விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டா அந்த நிராகரிப்ப எழுத்துல காரணத்தோட கேட்டு வாங்குங்க, மேல்முறையீட்டுக்கும் அதுதான் வேணும், எத்தனை பேர இந்தக் கணக்கு வெளிய தள்ளுதுன்னு காட்டறதுக்கும் அதுதான் வேணும்.

போர்டுக்குப் போறதா முடிவு பண்ணிட்டவங்களுக்கு கடைசியா கொஞ்சம். முன்னாடியே மெயில்லயோ நேர்லயோ கேட்டு, ஹாலுக்கு வெளிய நிக்கறேன், என் நம்பர் வந்தா ஃபோன்ல கூப்பிடுங்கன்னு எழுதிக் கொடுங்க. கூட ஒருத்தர கூட்டிட்டுப் போங்க, பேசறது பாதிய அவங்க பேசட்டும். டைரி, எல்டிஎல் ரிப்போர்ட், டாக்டர் லெட்டர் மூணையும் மேல ஒரு பக்கச் சுருக்கத்தோட வைங்க, ஏன்னா கிடைக்கறது நாலு நிமிஷம்தான். மறுநாளும் அதுக்கடுத்த நாளும் எந்த வேலையும் வெச்சுக்காதீங்க. இயர்மஃப்ப கழட்டச் சொன்னா, ஏன் கழட்ட முடியாதுங்கறத அந்தச் சுருக்கத்தோட முதல் வரியா எழுதி வெச்சிருந்து அத அவங்க பக்கம் நகத்துங்க.